ஈரல் படமும் இரண்டு ஓரகத்திகளும்

எங்கள் ஆய்வகத்தில் பொறாமைக்கு ஒரு பரிசு வைத்தால், பெரியவளைத் தவிர வேறு யாரும் போட்டிக்கே வர மாட்டார்கள். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆமா, பொறாமைதான். உன் வயித்தையா எரிக்கறேன்? என் சொந்த வயிறு" என்றாள்.

அவள் வளர்ந்ததே அந்த எரிச்சலில்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியின் கையெழுத்தைப் பார்த்துப் புழுங்கி, தன் கையெழுத்தை அச்சு மாதிரி ஆக்கிக்கொண்டாளாம். இங்கே எலிக்கூண்டு கழுவத்தான் வந்தாள். தீனி வைப்பவளைப் பார்த்து வயிறு எரிந்து தீனிக் கணக்கு கற்றாள். எலியைக் கடிபடாமல் தூக்குகிறவரைப் பார்த்து எரிந்து, கை நிறையக் கடி வாங்கி, அதையும் கற்றாள். கடைசியில் ஸ்கேன் அறை வரைக்கும் வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து பொறாமையால் உருப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

நான் அடுத்த அறைக்காரி. ஆய்வு முடிந்ததும் எலிகளின் ஈரல் என் மேசைக்கு வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிய துண்டுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவேன். அதனால் எனக்குக் கத்திக்காரி என்று பெயர். வாயும் அதே மாதிரிதான் என்பார்கள், அது வேறு கதை.

பெரியவளின் வேலை என்னுடையதைவிட நுணுக்கமானது. எங்கள் மேடம் ஒரு ரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்து, அது ஈரலை எப்படிக் கெடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கார்பன் டெட்ரா குளோரைடு என்று பெயர். அசல் விஷம். ஆனால் எங்களுக்குள் அதை மருந்து என்றுதான் சொல்வோம். பாதி எலிகளுக்கு எண்ணெயில் கலந்த மருந்து, மீதிப் பாதிக்கு வெறும் எண்ணெய். முதல் கூட்டம் மருந்து எலி, இரண்டாவது கூட்டம் எண்ணெய் எலி. எண்ணெய் எலியின் ஈரல் நன்றாக இருந்தால்தான் மருந்து எலியின் ஈரல் எவ்வளவு கெட்டது என்று சொல்ல முடியும்.

முன்பெல்லாம் ஈரலைப் பார்க்க எலியைக் கொன்றாக வேண்டும். எம்.ஆர்.ஐ. மெஷின் வந்த பிறகு, அதே எலியை உயிரோடு வாரா வாரம் உள்ளே அனுப்பி, ஈரல் கெடுவதைப் படம் படமாகப் பார்க்கலாம். ஆனால் ஒரு தொல்லை. ஈரல் இருப்பது நுரையீரலுக்கு நேர் கீழே. எலி ஒழுங்கில்லாமல் மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும். மயக்க வாயு கொடுத்து, பிளாஸ்டிக் தொட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் மூச்சைக் கவனிக்கிற குட்டிக் காற்றுப்பையை வைத்து, குளிராமல் வெந்நீர்க் குழாயை ஓரமாகச் சுற்றி, காந்தத்துக்குள் தள்ள வேண்டும். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே எலி அசையாமல் இருக்கும் அந்த இடைவெளியில்தான் மெஷின் படம் எடுக்கும். பயந்த எலி மயக்கத்திலும் திக்கித் திக்கித்தான் மூச்சு விடும். ஆக, எல்லாம் படுக்க வைக்கிற கையில் இருக்கிறது. பெரியவள் கை கைராசிக் கை என்று எல்லாரும் சொன்னோம். நடைபாதைப் பலகையில் குத்தியிருந்த படங்கள் எல்லாம் அவள் எடுத்தவை.

சின்னவள் வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை. வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். ஏன் என்று கேட்டேன்.

"வீட்ல இருந்தா நாள் முழுக்க மாமியார்கிட்ட நல்ல பேர் வாங்கிட்டே இருப்பா. இங்க வந்தா எலிகிட்டதான வாங்க முடியும்?"

பாவம், எலியிடமும் வாங்கிவிட்டாள்.

வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பெரியவளுக்கு ஒரு பெண் குழந்தை. தூங்க வைப்பதற்குள் உயிர் போய்விடும். ஒருநாள் சின்னவள் வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அவ்வளவுதான், குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டது. அன்றிலிருந்து அதற்குச் சித்தி தோள்தான் வேண்டும். பெற்றவள் தூக்கினால் முதுகை வில்லாக வளைத்து அழும். சின்னவள் எப்படித் தட்டுகிறாள் என்று பெரியவள் கதவோரம் நின்று பார்த்து, அதே மாதிரி தட்டிப் பார்த்தாளாம். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, "சித்தி" என்றதாம்.

"பத்து மாசம் சுமந்தவ நான். இவ தோளுக்கு என்ன தங்கமா பூசியிருக்கு?" என்று என் அறையில் வந்து புலம்பினாள். அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்தது. கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

புது ஆய்வு தொடங்கியதும் எலிகள் நிறைய சேர்ந்தன. மேடம் அவற்றை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். பெரியவளே சின்னவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். காந்த அறைக்குள் போகும்முன் வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றி வாசலில் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். எலியின் காதில் உலோக வில்லை மாட்டக் கூடாது என்பதால் வாலில் மைக்கோடுதான் அடையாளம். அது அழியும் முன் திரும்பப் போட வேண்டும். ஒரு கூண்டுக்கு ஒரு எலிதான்; மருந்து எலியும் எண்ணெய் எலியும் ஒரே கூண்டில் இருக்கவே கூடாது.

"ஏன்க்கா கூடாது?"

"கூடாதுன்னா கூடாது. கலந்துடும்ல?"

காரணத்தை மேடம் எல்லாருக்கும் திரை போட்டு விளக்கியிருந்தார். அந்த நேரத்தில் சின்னவள் இன்னும் வேலைக்கு வரவில்லை. பெரியவள் இருந்தாள். ஆனால் தன் படம் திரையில் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

மருந்து தொடங்கும் முன் எடுத்த முதல் ஸ்கேனில் இருவர் படமும் சுமார். அடுத்ததில் சின்னவள் படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஈரலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தது. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. மேடம் அதைப் பலகையின் நடுவில் குத்தினார். பெரியவள் படம் கீழே, தீயணைப்பு அறிவிப்புக்குப் பக்கத்தில் போயிற்று.

அன்றைக்கே மேடம் இன்னொன்றும் சொன்னார். "அடுத்த பெரிய ஆய்வுக்கு ஸ்கேன் ரூம்ல ஒருத்தர்தான் இருக்க முடியும். இன்னொருத்தர் கூண்டு கழுவற பக்கம் போகணும். இந்த ஆய்வு முடியறப்ப யார் படம் நல்லா இருக்கோ, அவங்க இருக்கட்டும்."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. கழுவும் அறையிலிருந்து ஸ்கேன் அறைக்கு வர அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீராவியும் சோப்பு நெடியுமாக அந்த அறை. கையெல்லாம் வெடித்துப்போகும். திரும்ப அங்கே போவது, அதுவும் ஓரகத்தியை ஸ்கேன் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போவது, அவளுக்குச் சாவுதான்.

அப்புறம் பெரியவள் கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். சின்னவள் வாயுக்குழாயை எவ்வளவு திருப்புகிறாள், எலியை எந்தக் கையில் எடுக்கிறாள், என்ன முணுமுணுக்கிறாள் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடியேதான் இருந்தது. சின்னவள் எலியை மயக்கப் பெட்டியில் விட்டால் அது ஓடிச் சுவரில் முட்டுவதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுச் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறது. பெரியவளின் எலிகளோ பெட்டிக்குள் குதிக்கின்றன. திரையில் சின்னவள் எலியின் மூச்சு அலை அலையாய் ஒரே சீராகப் போகும். பெரியவள் எலியின் மூச்சு கிறுக்கலாக வரும்.

"வசியம் எதாவது வெச்சிருக்காளா?" என்று என்னைக் கேட்டாள்.

"எலிக்கு வசியம் வைக்கறவ உனக்கு வெக்க மாட்டாளா? நீ ஏன் இன்னும் இப்படி இருக்க?" என்றேன். காதில் விழாத மாதிரி போய்விட்டாள்.

இருவரும் தினமும் ஒன்றாகத்தான் வேலைக்கு வருவார்கள்; பெரியவள் கோட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் சின்னவள் எலி அறைக்குள் போயிருப்பாள். ஒருநாள் பெரியவள் பல்வலி என்று பொய் சொல்லி, டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாக வழியிலேயே பிரிந்து, குறுக்குச் சந்தில் புகுந்து சின்னவளுக்கு முன்னால் வந்துவிட்டாள். எலி அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தாள். சின்னவள் வந்து கோட்டைக்கூட மாட்டாமல் நேராகத் தன் கூண்டுகளிடம் போனாள். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு எலிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு மருந்து எலி, ஒரு எண்ணெய் எலி. எண்ணெய் எலியை எடுத்து அதனதன் கூண்டில் விட்டாள். எல்லாம் முடித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல் தீனி எடுக்கப் போனாள்.

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. தனியாகக் கிடக்கிற எலி பயந்து சாகிறது. துணையோடு தூங்கி எழுந்த எலி தெம்பாக வருகிறது. அதுதான் ரகசியம்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மேடத்திடம் ஓடிப்போய்க் கோள் சொல்லியிருப்பார்கள். பெரியவள் சொல்லவில்லை. நல்லெண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம்.

"சொன்னா என்ன ஆகும்? மேடம் கோபப்படறதுக்குப் பதிலா, அட, நல்ல யோசனையா இருக்கேன்னு தலைல தூக்கி வெச்சு ஆடிட்டா? அப்புறம் அதுக்கும் அவ பேர்தான்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஆகவே அவளும் செய்தாள். சாயங்காலம் சின்னவள் கைகழுவப் போகும் நேரம் பார்த்து, தன் எண்ணெய் எலிகளை மருந்து எலிகளோடு சேர்த்துவிட்டாள். காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி முதலில் வந்து பிரித்துவிட்டாள். வாலில் கோடு இருக்கும்போது எப்படிக் கலக்கும்? அவளுக்குத் தெரிந்த ஆபத்து அது ஒன்றுதான்.

படம் வந்தது. கண்ணாடி மாதிரி. மேடம் இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தினார். பெரியவள் அன்று என் அறைக்கு வந்து, நான் கேட்காமலே எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

படம் தெளிவாக இருந்ததுதான் வினையாயிற்று. கலங்கிய படத்தில் தெரியாததெல்லாம் தெளிந்த படத்தில் தெரிந்தது. எண்ணெய் எலிகளின் ஈரல் சீரான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். சின்னவளின் எண்ணெய் எலிகளில் குழாய்களைச் சுற்றி வெளிறிய திட்டுகள். சில வாரங்களில் பெரியவளின் எண்ணெய் எலிகளிலும் அதே திட்டுகள். மேடம் ஒரு எலியை என்னிடம் அனுப்பினார். சீவிப் பார்த்தேன். படம் சொன்னதைத்தான் என் துண்டும் சொன்னது. மருந்தே வாங்காத எலிக்கு மருந்து வாங்கிய ஈரல்.

மேடம் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். திரையில் இரண்டு ஈரல்.

"ஒண்ணு மருந்து எலி, ஒண்ணு எண்ணெய் எலி. எது எதுன்னு எனக்கே தெரியல. ரெண்டையும் ஒண்ணா விட்டீங்களா?"

மேடமே தொடர்ந்தார்.

"அந்த மருந்து ரத்தத்தோட நிக்காது. கொடுத்த அன்னிக்கு எலியோட மூச்சுல வெளிய வரும். பக்கத்துல மூக்க வெச்சுத் தூங்கற எலி அதத்தான் ராத்திரி பூரா இழுக்கும். அதுக்குத்தான தனிக் கூண்டுன்னு முதல்லயே சொன்னேன்?"

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும். அவள் துணைக்கு விட்ட எலிகளை அவளே கொன்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"நான்தான் மேடம்" என்றாள். "மருந்து குடுத்த அன்னிக்கு அதுங்க ஒரு மூலைல சுருண்டு நடுங்குது. பார்க்க முடியல. சூடா இருக்கட்டுமேன்னு ஒரு எலியத் துணைக்கு விட்டேன். படத்துக்காக இல்ல மேடம், சத்தியமா." பிறகு பெரியவளைப் பார்க்காமலே இன்னொன்றும் சொன்னாள். "அக்கா எலிங்களையும் நான்தான் சேர்த்து விட்டேன். அக்காவுக்குத் தெரியாது."

நான் பெரியவளைப் பார்த்தேன். தப்பித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஸ்கேன் அறை அவளுக்கு. சின்னவள் கழுவும் அறைக்கு. அவள் ஆசைப்பட்டதெல்லாம் தட்டில் வைத்து நீட்டியாயிற்று.

"பொய்" என்றாள் பெரியவள். குரல் கிறீச்சிட்டது. "என் எலிய நான்தான் சேர்த்தேன். இவ செய்யறத ஒளிஞ்சு நின்னு பார்த்துட்டு, இவ படம் மாதிரி வரணும்னு செஞ்சேன். இவளுக்கும் என் எலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மேடம் திரையை அணைத்தார். ஆய்வு பாழ். எலிகள் வீண். அது எங்கள் எல்லோருக்கும் வலித்தது. என்னதான் சாகப் பிறந்த எலிகள் என்றாலும், ஒன்றுக்கும் உதவாமல் சாவது வேறு. இருவரையும் கழுவும் அறைக்குப் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் சின்னவள் அழுதுகொண்டே சொன்னாள். "உங்க கூண்டுல ரெண்டு எலி இருந்தத ஒருநாள் பார்த்தேன்க்கா. என்னை மாதிரியே உங்களுக்கும் மனசு இளகிடுச்சேன்னு சந்தோஷமா இருந்துச்சு."

பெரியவள் நேராக என் அறைக்கு வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏன் உண்மையச் சொன்ன?" என்று கேட்டேன். எனக்கு அவள்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்திருந்தது.

"பின்ன என்ன? எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டு அங்கயும் அவ நல்லவளா நிப்பா, நான் பார்த்துட்டு இருக்கணுமா? தப்பு பண்ணாலும் அவ இரக்கத்துல பண்ணா, நான் எரிச்சல்ல பண்ணேன். அதுலயும் அவதான் முந்திட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மனசு இளகிடுச்சாம். கேட்டியா?"

என் மரியாதை பாதி இறங்கியது. மீதிப் பாதி இன்றும் இருக்கிறது.

ஸ்கேன் அறைக்கு வெளியிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. புது எலிகளோடு ஆய்வு திரும்பத் தொடங்கியது. மீசைக்காரர் படம் எல்லாம் புகைமூட்டம். அதற்கும் அவர், "இந்த மெஷினுக்கு இதுதான் எல்லை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பலகையில் அந்தப் படங்களைத் தானே குத்திக்கொண்டார். ஓரகத்திகள் இருவரும் நனைந்த கையோடு நடைபாதையில் நின்று அவற்றைப் பார்ப்பார்கள். சின்னவள் உச்சுக்கொட்டுவாள். பெரியவளுக்குக் காதில் புகை வரும்.

சில மாதம் போனது. மேடம் ஒருநாள் பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சாயப் புட்டிகளுக்குக் கையெழுத்து வாங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

"நீங்கதான் சீனியர். உண்மையையும் நீங்களா சொன்னீங்க. ஸ்கேன் ரூமுக்குத் திரும்ப வந்துடுங்க. தனிக் கூண்டு விஷயம் இனிமே உங்களுக்கு மறக்காது."

பெரியவள் கண் ஒரு கணம் மின்னியது. வெடித்துப்போன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். வேண்டும், வேண்டும் என்று முகம் முழுக்க எழுதியிருந்தது.

"சின்னவளப் போடுங்க மேடம்" என்றாள்.

மேடத்துக்கே நம்ப முடியவில்லை. "ஏன்?"

"மருந்துக்கு முன்னாடி, துணை எலி இல்லாத முதல் ஸ்கேன்லயே அவ படம் என் படத்த விடக் கொஞ்சம் நல்லாதான் இருந்துச்சு. அப்ப நான் ஒத்துக்கல." வார்த்தை ஒவ்வொன்றும் பல்லைப் பிடுங்குவது போல் வந்தது. "எலிய விடுங்க, என் குழந்தையே அவ கைலதான் தூங்குது. அந்த மீசைக்காரர் மூஞ்சில கரியப் பூசணும்னா அவளாலதான் முடியும். என்னால ஆகாது."

வெளியே வந்து என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏய் கத்திக்காரி, இத அவகிட்ட போய்ச் சொல்லித் தொலைக்காத. மேடமாத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சுக்கட்டும்."

சின்னவள் ஹேர்பின்களை டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி காந்த அறைக்குள் போனாள். இந்த முறை ஒவ்வொரு எலிக்கும் தனிக் கூண்டு. நடுங்கும் எலிகளுக்குக் கூண்டின் அடியில் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தாள், மேடத்திடம் கேட்டுக்கொண்டு. வேலை முடித்து அவள் வீட்டுக்குப் போக நேரமாகும். குழந்தை சித்தி வரும் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். "நான் பக்கத்துலயே இருக்கேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல" என்று பெரியவள் இன்றைக்கும் புலம்புகிறாள்.

சின்னவளின் முதல் படம் பலகைக்கு வந்த அன்று, பெரியவள் கழுவிய கூண்டுகளை வண்டியில் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். வண்டியை நிறுத்தினாள். எண்ணெய் எலியின் ஈரல், திட்டு ஒன்றுகூட இல்லாமல், மாசுமருவில்லாமல் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வயிறு எரியுது" என்றாள்.

எரியத்தான் செய்தது, முகத்திலேயே தெரிந்தது. ஈரக் கையைக் கோட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கோணலாகக் குத்தியிருந்த அந்தப் படத்தை எடுத்து, பலகையின் நடுவில் நேராகக் குத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.